வெயிலில் எது தெரியும், காட்டில் எது தாங்கும்: ஸ்போர்ட்ஸ் வாட்ச் திரையும் பேட்டரியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓடுகிறவர்கள், சைக்கிள் மிதிப்பவர்கள், மலை ஏறுகிறவர்கள் என்று தெரிந்தவர்கள் எல்லாரும் வாட்ச் வாங்கப் போகும்போது கேட்கிற கேள்விகள் இவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிச் சலித்துப்போய், ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

எம்.ஐ.பி., அமோலெட் என்கிறார்களே, இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

அமோலெட் இன்றைய பல ஃபோன்களில் இருக்கிற வகைத் திரைதான். ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், கறுப்பாகத் தெரிய வேண்டிய புள்ளி அணைந்து கிடக்கும். எம்.ஐ.பி. எரிவதில்லை. அது ஒரு திரவப் படிகத் திரை; அதன் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று இருக்கிறது. வெளியிலிருந்து விழும் வெளிச்சத்தை வாங்கி அதையே திருப்பிக் காட்டுகிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு துளி நினைவகம் உண்டு என்பதால், ஒருமுறை எழுதியதை அப்படியே வைத்திருக்க மின்சாரம் ஏறக்குறையத் தேவைப்படாது. அந்த மூன்றெழுத்தின் பொருளே ‘புள்ளிக்குள் நினைவகம்’ என்பதுதான். இருட்டினால் பின்விளக்கு போட வேண்டும், அவ்வளவுதான்.

பழைய கால்குலேட்டரும் பெட்ரோமாக்ஸ் விளக்கும் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று அடுத்தவர் வெளிச்சத்தில் பிழைக்கும், இன்னொன்று தன் எண்ணெயை எரித்து வெளிச்சம் தரும்.

வெயிலில் எம்.ஐ.பி.தான் நன்றாகத் தெரியும் என்கிறார்கள், உண்மையா?

உச்சி வெயிலில் உண்மை. நேரடி நண்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு வரும். அந்த வெளிச்சத்தோடு அமோலெட் போட்டி போட வேண்டியிருக்கிறது, எம்.ஐ.பி.யோ அதையே பயன்படுத்திக்கொள்கிறது. வெயில் ஏற ஏற எண்கள் இன்னும் தெளிவாகும். ஆனால் ஐந்தாறு வருடத்துக்கு முன்னால் இருந்த அமோலெட்டை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்போது வருபவை பிரகாசத்தில் 1,000, 2,000 நிட் என்று போகின்றன, ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா 2 போன்றவை 3,000 நிட். வெயிலில் படிக்கவே முடியவில்லை என்ற காலம் போய்விட்டது. அந்தப் பிரகாசத்துக்குக் காசு பேட்டரியிலிருந்துதான் போகிறது என்பது வேறு விஷயம்.

யாரும் சொல்லாத ஒன்று: எம்.ஐ.பி. திணறுவது வெயிலிலும் இல்லை, கும்மிருட்டிலும் இல்லை, நடுவில். மாலை ஆறரை மணி, மரங்கள் மூடிய பாதை, குழல்விளக்கு எரியும் அறை. விளக்குப் போட்டாலும் பெரிதாகத் தெரியாது, போடாவிட்டாலும் சாம்பல் பூத்தது போல இருக்கும். கடைக்குள் நின்று எம்.ஐ.பி.யைப் பார்த்துவிட்டு ‘ஐயே, இது என்ன மங்கல்’ என்று வைத்துவிட்டு வருகிறவர்கள் இதனால்தான். வாசலுக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள்.

எம்.ஐ.பி. வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்ன உபாயம்: ஓட்டத்தின்போது காட்டும் பக்கங்களுக்குப் பின்னணி வெள்ளையாக வையுங்கள். வெளிச்சத்தை அதிகமாகத் திருப்பி அனுப்பும், எண்கள் பளிச்சென்று நிற்கும். அமோலெட்டுக்கு இது தலைகீழ். கறுப்புப் பின்னணியே வையுங்கள், சார்ஜ் மிச்சம்.

அட்டைப்பெட்டியில் 16 நாள் என்று போட்டிருக்கிறது. எனக்கு ஆறு நாளில் தீர்ந்துவிடுகிறது. ஏமாற்றுகிறார்களா?

ஏமாற்றவில்லை, பெரிய எழுத்தில் ஒன்றும் சின்ன எழுத்தில் ஒன்றும் போடுகிறார்கள். அந்த 16 நாள், கையைத் திருப்பிப் பார்க்கும்போது மட்டும் திரை எரிகிற நிலைக்கு. திரையை எப்போதும் எரியவிட்டால் கணக்கே வேறு. 2022 ஜனவரியில் வந்த, கார்மின் நிறுவனத்தின் எபிக்ஸ் இரண்டாம் தலைமுறையை எடுத்துக்கொள்ளுங்கள்: திருப்பும்போது மட்டும் எரிந்தால் 16 நாள், எப்போதும் எரிந்தால் 6 நாள். இரண்டையும் நிறுவனமே சொல்லியிருக்கிறது. 2024 ஆகஸ்டில் வந்த கார்மின் ஃபீனிக்ஸ் 8, 47 மி.மீ. அமோலெட்டும் அப்படித்தான், 16 நாளும் 7 நாளும்.

அதனால் அமோலெட் வாங்கும்போது முதல் எண்ணை விட்டுவிடுங்கள். இரண்டாவது எண்ணைத் தேடிப் பிடியுங்கள். அது போட்டிருக்கவில்லை என்றால் பாதிக்கும் கீழே என்று எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

ஒரே வாட்சில் இரண்டு திரையையும் ஒப்பிட முடியுமா?

முடியும், அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. எபிக்ஸ் வந்த அதே நாளில் ஃபீனிக்ஸ் 7-உம் வந்தது. உடம்பு கிட்டத்தட்ட ஒன்று, 47 மி.மீ., 1.3 அங்குலத் திரை, உள்ளே அதே வேலைகள். ஒன்றில் எம்.ஐ.பி., இன்னொன்றில் அமோலெட். சும்மா கட்டியிருந்தால் 18 நாளுக்கு 16 நாள், பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. ஜிபிஎஸ் போட்டு ஓடும்போதுதான் சாயம் வெளுக்கிறது: ஃபீனிக்ஸ் 57 மணி நேரம், எபிக்ஸ் 42, திரையை எப்போதும் எரியவிட்டால் 30.

வேறு விதமாகச் சொன்னால், ஜிபிஎஸ் ஓடும்போது எபிக்ஸில் மணிக்கு சுமார் 2.4 சதவீதம் இறங்குகிறது, திரையும் எப்போதும் எரிந்தால் 3.3 சதவீதம். மணிக்கு ஒரு சதவீதம் கூடுதல். காலையில் ஒரு மணி நேரம் ஓடுகிறவருக்கு அது ஒன்றுமே இல்லை. முப்பது மணி நேரம் மலையில் இருப்பவருக்கு அதுதான் எல்லாம்.

அப்படியென்றால் எனக்கு எவ்வளவு தேவை என்று எப்படிக் கணக்குப் போடுவது?

உங்கள் வருடத்திலேயே நீளமான ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி நாளை அல்ல. சராசரி நாளுக்கு எந்த வாட்சும் போதும்.

முதலில் சாதாரண ஓட்டக்காரர். வாரத்துக்கு ஐந்து மணி நேரம் ஓடுகிறார், வருடத்துக்கு ஒரு மாரத்தான். கார்மினின் ஃபோர்ரன்னர் 255 எம்.ஐ.பி., 14 நாள், ஜிபிஎஸ்ஸில் 30 மணி. ஃபோர்ரன்னர் 265 அமோலெட், 13 நாள், 20 மணி. 30-க்கு 20 என்றால் மூன்றில் ஒரு பங்கு போச்சே என்று தோன்றும். கணக்குப் போடுங்கள்: 265-இல் ஒரு வாரத்துக்குச் சும்மா இருக்க 54 சதவீதம், ஓட 25 சதவீதம், ஆக 79. 255-இல் 50-உம் 17-உம், ஆக 67. ஒன்றை ஒன்பது நாளுக்கு ஒருமுறையும் இன்னொன்றைப் பத்து நாளுக்கு ஒருமுறையும் சார்ஜ் போடுவீர்கள். இதற்காகவா இத்தனை சண்டை? உங்களுக்குக் கண்ணுக்கு எது பிடிக்கிறதோ அதை வாங்குங்கள்.

வெள்ளியங்கிரி ஏறப் போகிறேன், அதற்கு எந்த வாட்ச் என்று ஒரு தம்பி கேட்டான். ராத்திரி ஏறி மறுநாள் இறங்கிவிடுகிற மலைக்கு, முழு சார்ஜோடு கிளம்பினால் ஏறக்குறைய எந்த ஜிபிஎஸ் ஸ்போர்ட்ஸ் வாட்சும் தாங்கும். தண்ணீர் எவ்வளவு எடுத்துப்போவது என்று யோசி என்றேன்.

இப்போது சைக்கிள் பிரவே, அதாவது குறித்த கெடுவுக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரப் பயணம். 200 கிலோமீட்டருக்கு பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40 என்பது உலகம் முழுக்க ஒரே கெடு. 400 வரைக்கும் எபிக்ஸ் மாதிரி ஒன்று, பேட்டரி புதிதாக இருந்தால் திரை எரிந்தபடியே கூடத் தாக்குப்பிடிக்கும். 600-க்குத் திரையை அணைத்து வைத்தால் 42 மணி. சரி, போதுமே என்று நினைப்பீர்கள். இரண்டு வருடம் பழகிய பேட்டரி பத்து சதவீதம் சுருங்கியிருந்தால் அது 38-க்கும் கீழே வந்துவிடும், கடைசி மணி நேரங்களில் வாட்ச் இருக்காது. பெட்டியில் போட்ட எண்ணிலிருந்து நான் எப்போதும் நாலில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுத்தான் பார்ப்பேன்.

பிரான்சின் ஷாமொனியில் தொடங்கி மோன் பிளாங்க் மலையைச் சுற்றி இத்தாலி, சுவிட்சர்லாந்து வழியாக ஓடும் யுடிஎம்பி பந்தயத்துக்குக் கெடு நாற்பத்தாறரை மணி நேரம். முன்னால் ஓடுகிறவர்கள் இருபது மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள், அவர்கள் எதை வேண்டுமானாலும் கட்டலாம். பேட்டரி கவலை பின்னால் வருகிறவர்களுக்குத்தான். மெதுவாக ஓடுகிறவருக்குத்தான் பெரிய பேட்டரி வேண்டும். இதை ஏனோ விளம்பரத்தில் போடுவதில்லை.

திரையைவிட ஜிபிஎஸ்தான் அதிகம் குடிக்கும் என்கிறார்களே?

நீங்கள் எந்த முறையில் வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஜிபிஎஸ் மட்டும், மற்ற நாடுகளின் செயற்கைக்கோள் கூட்டங்களும் சேர்த்து, அதற்கு மேல் இரண்டு அலைவரிசைகளில் சமிக்ஞை வாங்கும் இரட்டை அலைவரிசை என்று படிகள் இருக்கின்றன. மேலே சொன்ன அதே 255, 30 மணியிலிருந்து இரட்டை அலைவரிசையில் 16-க்கு இறங்கிவிடும். 265, 20-லிருந்து 14-க்கு. கவனித்தீர்களா? மிகத் துல்லியமான முறைக்குப் போனதும் இரண்டு திரைக்கும் நடுவில் இரண்டு மணி நேரம்தான் மிச்சம். திரையைப் பற்றி விடிய விடிய வாதாடிவிட்டு, வெட்டவெளி நெடுஞ்சாலையில் இரட்டை அலைவரிசை போட்டு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அது ஆழமான பள்ளத்தாக்குக்கும் உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் வேண்டியது. திறந்த வானத்துக்கு அடியில் சாதாரண முறையே போதும்.

பாட்டு கேட்டுக்கொண்டு ஓடுகிறவர்கள் இன்னும் வேகமாகக் காலி செய்வார்கள். அதற்குத் திரை பொறுப்பில்லை.

கையைத் திருப்பினால் திரை வந்துவிடுமே, எதற்கு எப்போதும் எரிய வேண்டும்?

ஓடும்போது பெரும்பாலும் சரியாக வரும். இரண்டு இடத்தில் காலை வாரும். ஒன்று சைக்கிள். கை ஹேண்டிலில் பூட்டியபடி இருக்கிறது, தலையைத்தான் குனிகிறீர்கள், கை திரும்புவதில்லை. ஒரு 300 கிலோமீட்டர் பிரவேயில் நான் கையை உதறி உதறிப் பார்த்தே மணிக்கட்டு வலித்துப்போய், பின்னால் வந்தவர் ‘என்ன அண்ணா, கொசுவா?’ என்று கேட்டார். இரண்டாவது, மலையில் இரண்டு கையிலும் கோல் ஊன்றி நடக்கும்போது. கோல் ஊன்றும் ஒவ்வொரு அசைவுக்கும் திரை எரிந்து அணையும், வேண்டும் என்கிறபோது வராது.

எம்.ஐ.பி.யின் உண்மையான சுகம் இதுதான். எப்போதும் அங்கே இருக்கிறது. ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் போகலாம். நீங்கள் வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி ஓடும் இடைவெளிப் பயிற்சி செய்கிறவராக, வேகத்தை அடிக்கடி பார்க்கிறவராக இருந்தால், ஒன்று எம்.ஐ.பி. வாங்குங்கள், இல்லை அமோலெட் வாங்கி எப்போதும் எரியவிட்டு அந்த இரண்டாவது எண்ணோடு குடித்தனம் நடத்துங்கள்.

சோலார் வாங்கினால் சார்ஜே போட வேண்டாமா?

கொஞ்சம் பொறுங்கள். கார்மின் தரும் சோலார் கணக்கு, தினமும் மூன்று மணி நேரம் 50,000 லக்ஸ் வெளிச்சத்தில் வாட்ச் இருந்தால் என்ற நிபந்தனையோடு வருகிறது. அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வெளிச்சம் சன்னலோரத்தில்கூடக் கிடைக்காது. முழுக்கைச் சட்டைக்குள் இருந்தால் பூஜ்யம்.

ஆனால் வயலில், கடலில், மலையில் நாள் முழுக்க இருப்பவருக்கு அது நிஜமான வரவு. எண்டியூரோ 3 ஜிபிஎஸ்ஸில் 120 மணி நேரம் என்றால் சோலாரோடு 320 மணி என்கிறார்கள். எடையும் 63 கிராம்தான். இன்ஸ்டிங்க்ட் 2 சோலாரை ஜிபிஎஸ் போடாமல் வெறுமனே கட்டியிருந்தால், அந்த மூன்று மணி வெயிலில் எல்லையில்லாமல் ஓடும் என்றே விற்றார்கள். பழைய சோலார் வகைகளில் திரைக்கு மேலேயே ஒரு சோலார் படலம் இருந்ததால் திரை கொஞ்சம் மங்கும். எண்டியூரோ 3, ஃபீனிக்ஸ் 8 சோலாரில் அதை எடுத்துவிட்டு ஓரத்து வளையத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். பழையதைக் குறைந்த விலைக்கு வாங்குகிறவர்கள் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரைபடம் பார்த்து வழி நடப்பவருக்கு?

அமோலெட். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஃபீனிக்ஸ் 7-இன் திரை 260-க்கு 260 புள்ளி, எபிக்ஸ் 416-க்கு 416. அதே அளவு திரையில் இரண்டரை மடங்கு புள்ளிகள். ஒற்றையடிப் பாதை எது, சமஉயரக் கோடு எது என்று எம்.ஐ.பி.யில் பிரித்துப் பார்க்கக் கண் பழக வேண்டும். படத்தை நகர்த்தும்போதும் தத்தித் தத்தித்தான் வரும்.

நாற்பத்தைந்து தாண்டிவிட்டது, கிட்டப் பார்க்கக் கண்ணாடி வேண்டும். ஓடும்போது அதைப் போட முடியாது.

உங்களுக்கும் அமோலெட்தான். என் அனுபவமும் அதுவே. விடியற்காலை ஐந்து மணிக்கு, பின்விளக்கு போட்ட எம்.ஐ.பி.யில் சின்ன எண்கள் கரைந்து போகின்றன, அமோலெட்டில் கறுப்பின் மேல் நிற்கும் எண் கண்ணாடி இல்லாமலும் பிடிபடுகிறது. எதுவாக இருந்தாலும் ஒரு பக்கத்தில் ஆறு எண்களைத் திணிக்காதீர்கள். மூன்று போதும்.

படுக்கையில் கட்டிக்கொண்டு தூங்கலாமா?

எம்.ஐ.பி. தொந்தரவே தராது. அமோலெட்டில் தூக்க நேரத்தைச் சொல்லி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நடுராத்திரி புரண்டு படுக்கும்போது பளிச்சென்று எரிந்து, பக்கத்தில் படுத்திருப்பவரிடம் திட்டு வாங்க நேரும்.

ஒரே படத்தைக் காட்டிக்கொண்டிருந்தால் அமோலெட்டில் தழும்பு விழுமாமே?

விழ வாய்ப்பு உண்டு, அதனால்தான் வாட்ச்கள் எப்போதும் எரியும் படத்தை ஓரிரு புள்ளிகள் நகர்த்திக்கொண்டே இருக்கின்றன, வெளிச்சத்தையும் குறைத்து வைக்கின்றன. இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டால் திரை கறுத்துப் போகிறது, பழுதா?

பழுதில்லை. ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசர் படலம் திரையிலும் இருக்கிறது, கண்ணாடியிலும் ஒன்று. இரண்டும் குறுக்கே நின்றால் வெளிச்சம் அடைபடும். கையைச் சற்றுச் சாய்த்தால் தெரியும். வாங்கும் முன் உங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே கடையில் பாருங்கள்.

எவரெஸ்ட் அடிவார முகாம் போகிறேன். குளிரில் என்ன ஆகும்?

குளிரில் எந்த லித்தியம் பேட்டரியும் சுணங்கும், எந்தத் திரையாக இருந்தாலும். நல்ல விஷயம், வாட்ச் உடம்போடு ஒட்டியிருக்கிறது, ஜாக்கெட் கைக்குள் இருந்தால் பாதிப்புக் குறைவு. கழற்றி மேசையில் வைத்துவிட்டுத் தூங்காதீர்கள், தூங்கும் பைக்குள் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். பவர் பேங்கையும்.

அந்தப் பாதையில் மேலே போகப் போக விடுதிகளில் சார்ஜ் போடத் தனியாகக் காசு வாங்குவார்கள். லுக்லா விமான நிலையத்தில் இறங்கி 5,364 மீட்டர் வரை போய்த் திரும்ப ஏறக்குறைய பன்னிரண்டு நாள், நாளுக்கு ஆறேழு மணி நடை. மொத்தம் எண்பது மணி நேரம் பதிவு என்று வையுங்கள். நடக்காத நேரத்துச் செலவையும் சேர்த்தால், 57 மணி வாட்சுக்கும் வழியில் ஒருமுறை சார்ஜ் தேவைப்படும், 42 மணிக்கு இரண்டுமுறை. இந்த ஒரு சார்ஜுக்காகத் திரையைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

பவர் பேங்க் கையில் இருந்தால் இந்தக் கவலையே வேண்டாமே?

பல நாள் நடைக்கு வேண்டாம்தான். வாட்ச் பேட்டரி மிகச் சின்னது, ஆப்பிள் வாட்ச் அல்ட்ராவிலேயே 542 மில்லியாம்பியர்-மணிதான். 10,000 கொள்ளளவுள்ள பவர் பேங்க் பத்துமுறைக்கு மேல் நிரப்பும். விமானத்தில் அதைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். மறக்கக் கூடாதது கேபிள். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு வடிவம் வைத்திருக்கிறது, மலையில் யாரிடமும் கடன் கேட்க முடியாது.

ஒரே மூச்சாக ஓடும் பந்தயத்தில்தான் சிக்கல். பல வாட்ச்களில் சார்ஜ் முனை முதுகுப் பக்கம் இருப்பதால், கழற்றிப் பையில் போட்டால்தான் ஏறும். அந்த நேரத்துக்கு இதயத் துடிப்புப் பதிவு இல்லை, எண்களும் கண்ணுக்கு எதிரே இல்லை.

ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா போதாதா?

மாரத்தானுக்குப் போதும், ஒரு நாள் மலைக்கும் போதும். சாதாரணப் பயன்பாட்டில் 36 மணி நேரம் என்பது 2022-இல் வந்த முதல் அல்ட்ராவின் கணக்கு, 2025-இல் வந்த மூன்றாவதில் 42. கிட்டத்தட்ட தினமும் சார்ஜ் போடும் ஆளா நீங்கள் என்பதுதான் கேள்வி. ஃபோனோடு சேர்த்து அதையும் போட்டுவிடுகிறவருக்கு அது பாரமே இல்லை. நான் மறந்துவிடுகிற சாதி.

மைக்ரோ எல்.இ.டி. வந்திருக்கிறதாமே, அதற்குக் காத்திருக்கலாமா?

ஒவ்வொரு புள்ளியும் ஒரு நுண்ணிய எல்.இ.டி. விளக்காக இருக்கும் அந்தத் திரை 2025 செப்டம்பரில் கார்மினின் ஃபீனிக்ஸ் 8 ப்ரோவில் வந்துவிட்டது. 4,500 நிட், விலை 2,000 டாலர். பேட்டரி? 10 நாள். அதே 51 மி.மீ. வாட்ச் அமோலெட்டில் 27 நாள். முதல் தலைமுறை அப்படித்தான் இருக்கும். காத்திருக்கலாம், ஆனால் கையில் ஒன்றைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள்.

எம்.ஐ.பி. ஒழியப் போகிறது என்கிறார்கள். இப்போது வாங்குவது முட்டாள்தனமா?

காற்று அந்தப் பக்கம்தான் அடிக்கிறது. 2025-இல் வந்த ஃபோர்ரன்னர் 570, 970 இரண்டும் அமோலெட். சூன்டோ நிறுவனத்தின் வெர்டிகல் 2023-இல் எம்.ஐ.பி.யாக வந்தது, அதன் இரண்டாம் பதிப்பு அமோலெட். போலார் நிறுவனமும் அந்தப் பக்கம் போய்விட்டது. கடையில் அமோலெட் கண்ணைப் பறிக்கிறது, விற்கிறது, வேறென்ன.

பெரிய வாட்சில் இரண்டு திரைக்கும் இடைவெளி குறைவு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2022-இல் 47 மி.மீ. வாட்சில் 57-க்கு 42 என்றிருந்தது, 2024-இல் 51 மி.மீ. ஃபீனிக்ஸ் 8-இல் 95-க்கு 84. ஆனால் எல்லாமே ஏறுமுகம் என்று நினைக்காதீர்கள். அமோலெட்டிலேயே, பழைய 965 ஜிபிஎஸ்ஸில் 31 மணி தாங்கியது, புதிய 970-க்கு 26. நாள் கணக்கில் 23 போய் 15 ஆனது. திரை பிரகாசமானது, டார்ச் சேர்ந்தது, அதற்கான விலையைப் பேட்டரி கொடுத்தது. புதியது என்றாலே நீண்ட நாள் தாங்கும் என்பது தப்புக் கணக்கு.

அதனால் பழைய எம்.ஐ.பி. நல்ல விலையில் கிடைத்தால் நான் வாங்கச் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு. பயன்படுத்திய வாட்ச் என்றால், முழு சார்ஜ் போட்டு ஜிபிஎஸ்ஸை ஓடவிட்டு இரண்டு மணி நேரம் மொட்டை மாடியில் வைத்துப் பாருங்கள். 57 மணி வாட்ச் அந்த நேரத்தில் நான்கு சதவீதத்துக்குப் பக்கத்தில் இறங்க வேண்டும். எட்டு இறங்கினால் விற்கிறவரிடம் விலையைப் பேசாதீர்கள், வாட்சைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.